கொடி மாறும்போது குடியுரிமை என்ன ஆகும்? ஹாங்காங் சிறுபான்மையினர் பட்ட பாடு

1997 ஜூன் 30 மாலை ஹாங்காங்கில் மழை கொட்டித் தீர்த்தது. நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, சீனக் கொடி ஏறியது. அறுபது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த ஊர் ஒரு நாட்டின் கையிலிருந்து இன்னொரு நாட்டின் கைக்குப் போனது. மறுநாள் காலை அந்த மக்கள் எந்த நாட்டவர்?

பெரும்பாலோர் விஷயத்தில் சீனாவிடம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் சீன வம்சாவளியினர், ஆகவே சீனக் குடிமக்கள். ஆனால் அதே ஊரில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர், பாகிஸ்தான் வம்சாவளியினர், நேபாளிகள், போர்த்துகீசியக் கலப்பினத்தார், யுரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தார்) எனச் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டுமே. பிரிட்டனோ, அந்த பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குக் குடிவர முடியாது என்றது. சீனாவின் சட்டம் அவர்களைத் தன் மக்களாகக் கருதவில்லை. பெரியவர்கள் பிறந்து வந்த நாடுகளுடனான சட்டத் தொடர்பும் அறுந்திருந்தது.

ஒரு பிரதேசத்தின் இறையாண்மை கைமாறும்போது அங்குள்ள சிறுபான்மையினரின் குடியுரிமை என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். சட்டச் சொற்கள் வரும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு பாஸ்போர்ட்டைத் திறந்து பார்ப்போம். கைமாற்றத்தை முன்னிட்டு ஹாங்காங்காரர்களுக்காக பிரிட்டன் உருவாக்கிய பாஸ்போர்ட் அது. பெயர் 'பிரிட்டிஷ் தேசத்தவர் (கடல்கடந்தவர்)'. ஊரில் பி.என்.ஓ. என்பார்கள். அட்டையில் பிரிட்டிஷ் அரச முத்திரை இருக்கிறது. உள்ளே அன்றைய அரசியின் பெயரால், இவரைத் தடையின்றிச் செல்ல அனுமதியுங்கள் என்று பிற நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் வாசகமும் இருக்கிறது. பின்பக்கம் போனால் இன்னொரு குறிப்பு: இதை வைத்திருப்பவர் 1971ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். அதாவது லண்டன் விமான நிலையத்தில் இறங்கினால் அவர் வெளிநாட்டுக்காரரைப் போலவே அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே மற்றொரு வரி: இவரிடம் ஹாங்காங் நிரந்தர அடையாள அட்டை உள்ளது, ஹாங்காங்கில் வாழும் உரிமை உண்டு.

இந்தக் குறிப்புகளைச் சேர்த்து வாசித்தால் சிக்கல் முழுவதும் தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டைத் தரும் நாடு ஒன்று, வாழ இடம் தரும் நாடு வேறொன்று.

நாம் சாதாரணமாக 'குடியுரிமை' என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரு நாடு உங்களை 'என் ஆள்' என்று ஏற்றுக்கொள்வது. பாஸ்போர்ட், வெளிநாட்டில் தூதரகப் பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். மற்றொன்று, அந்த நாட்டுக்குள் கேள்வியின்றி நுழைந்து, யாரும் வெளியேற்ற முடியாதபடி வாழும் உரிமை. இந்தியக் குடிமகனுக்கு இவை இரண்டும் ஒட்டியே இருப்பதால் தனித்தனி என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. பிரிட்டன்தான் இவற்றைக் கத்தி வைத்துப் பிரித்தது.

அது ஒரே நாளில் நடந்ததல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி லண்டனில் பிறந்தவரும் ஹாங்காங்கில் பிறந்தவரும் ஒரே வகைக் குடிமக்கள்: ஐக்கிய முடியரசு மற்றும் காலனிகளின் குடிமக்கள். இருவருமே பிரிட்டனில் போய் வாழலாம். 1962இல் முதல் தடை வந்தது. 1968இல், கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வரத் தொடங்கிய ஆசியர்களைத் தடுக்க ஒரு சட்டம் மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்தவராக இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் கட்டுப்பாடு. சட்டத்தில் நிறம் என்ற சொல் இல்லை. ஆனால் தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்டால் யார் உள்ளே, யார் வெளியே என்பது தானாகவே தெரிந்துவிடும்.

1981ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பிரிவினையைப் பெயரிட்டே செய்தது. 1983 ஜனவரி 1 முதல் பழைய ஒரே குடியுரிமை மூன்றானது: முழு பிரிட்டிஷ் குடிமக்கள், சார்பு ஆட்சிப் பகுதிகளின் குடிமக்கள், கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமக்கள். ஹாங்காங்காரர்கள் இரண்டாவது வகை. சுமார் 32 லட்சம் பேர். அவர்களுக்கு பிரிட்டனில் வாழும் உரிமை கிடையாது. அதே 1983இல் மற்றொரு சிறு சட்டம் வந்தது. 1982 போருக்குப் பிறகு ஃபாக்லாந்து தீவு மக்கள் அனைவருக்கும் முழுக் குடியுரிமை தரப்பட்டது. ஜிப்ரால்டர்காரர்கள் கேட்டாலே கிடைக்கும்படி 1981 சட்டத்திலேயே வழி இருந்தது. இந்த இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஹாங்காங் இந்தியர்களாலும் அப்போது ஏற்க முடியவில்லை.

இந்தியர் அங்கே எப்படிப் போனார்கள்? 1841 ஜனவரியில் பிரிட்டிஷ் கொடி முதன்முதலில் ஏற்றப்பட்டபோதே அங்கே இந்தியச் சிப்பாய்கள் நின்றார்கள். பிறகு சீக்கியர்கள் காவல் துறைக்கும் சிறைக் காவலுக்கும் கொண்டுவரப்பட்டார்கள். பார்சிகள் வணிகத்துக்கு வந்தார்கள். இன்றும் துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் படகுச் சேவையைத் தொடங்கியவர் தோராப்ஜி நௌரோஜி என்ற பார்சிதான். ஹாங்காங் பல்கலைக்கழகம் எழும்பப் பெரும்பணம் கொடுத்தவர் ஹோர்மஸ்ஜி மோடி. சிம் ஷா சுய் பகுதியில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. காசநோய் ஊரையே அலைக்கழித்த காலத்தில் மருத்துவமனை கட்டிக்கொடுத்தவர்கள் ரத்தன்ஜி குடும்பத்தினர். பிரிவினைக்குப் பிறகு சிந்தி வணிகர்களும் தையற்காரர்களும் வந்தார்கள். காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களும் அங்கே நெடுங்காலமாக வணிகம் செய்கிறார்கள். ஊரைக் கட்டியதில் பங்குள்ளவர்கள் இவர்கள். விருந்தாளிகள் என்று சொல்லிவிட முடியாது.

இனி 1984க்கு வருவோம். புதிய பிரதேசங்கள் என்ற பகுதியை 1898இல் பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தது. கெடு 1997இல் முடிகிறது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தீவை மட்டும் வைத்துக்கொண்டு ஊரை நடத்த முடியாது என்பதால், முழு ஹாங்காங்கையும் சீனாவிடம் ஒப்படைக்க 1984 டிசம்பர் 19 அன்று கூட்டறிக்கை கையெழுத்தானது. அதோடு இரு அரசுகளும் குடியுரிமை பற்றி ஆளுக்கொரு குறிப்பாணையைப் பரிமாறிக்கொண்டன. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாங்காங்கின் சீன உடன்பிறப்புகள் எல்லோரும் சீனக் குடிமக்களே என்றது சீனா. சீனரல்லாதார் பற்றி அதில் பேச்சே இல்லை. தன் பங்குக்கு பிரிட்டன், 1997 ஜூலை 1 முதல் ஹாங்காங் தொடர்பால் கிடைத்த குடியுரிமை செல்லாது, விரும்புவோர் அதற்கு முன் புதிய நிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அந்தப் புதிய நிலைதான் முன்பு பார்த்த பி.என்.ஓ.

சீனக் குடியுரிமைச் சட்டம் ரத்த உறவை அடிப்படையாகக் கொண்டது. பிறந்த மண் மட்டும் போதாது. பிற இனத்தவர் விண்ணப்பித்துச் சேரலாம் என்ற பிரிவு அதில் உண்டு. ஆனால் விண்ணப்பித்துப் பெறுவதற்கும் தானாகவே கிடைப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அலுவலக வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

'யாரையும் நாடற்றவராக விடவில்லையே' என்று பிரிட்டன் தன்னை நியாயப்படுத்திக்கொண்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையை பிரிட்டன் ஏற்றிருந்தது. பிரதேசம் கைமாறுவதால் எவரும் நாடற்றவராகிவிடக் கூடாது என்கிறது அதன் 10ஆம் பிரிவு. ஆகவே பி.என்.ஓ.வுக்குப் பதிவு செய்யாமல் விட்ட, வேறு நாடும் இல்லாத ஒருவர் தானாகவே கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிடுவார் என்று 1986இல் ஆணை போட்டார்கள். பி.என்.ஓ. நிலை பிள்ளைகளுக்கு இறங்காது. ஆனால் 1997க்குப் பின் பிறக்கும் பிள்ளை வேறு நாடில்லாமல் நின்றால் அதற்கும் இதே கடல்கடந்த குடியுரிமை. அதுவும் அதிகம் போனால் பேரப்பிள்ளை வரைதான்.

காகிதத்தில் யாரும் நாடற்றவரல்ல. ஆனால் இந்தக் 'கடல்கடந்த' குடியுரிமைக்கு உலகில் எந்த மண்ணும் கிடையாது. அந்தப் பெயர் கொண்ட நாடு எங்கும் இல்லை. ஹாங்காங்கில் ஏதாவது நடந்து அவர்கள் வெளியேற நேர்ந்தால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

ஹாங்காங்கிலேயே இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டம், 24ஆம் பிரிவில், ஏழு ஆண்டு தொடர்ந்து வாழ்ந்து அதையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட சீனரல்லாதாருக்கும் வாழும் உரிமை தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சீனக் குடிமக்களின் உரிமை போன்றதல்ல அது. சீனரல்லாத ஒருவர் அங்கே குடியிருப்பதை விட்டுவிட்டுத் தொடர்ந்து 36 மாதம் வெளியே இருந்தால் அந்த உரிமையை இழந்துவிடுவார். ஹாங்காங் சிறப்பு நிர்வாகப் பகுதியின் பாஸ்போர்ட்டும் சீனக் குடிமக்களுக்கு மட்டும்தான்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சட்டம் ஒரே கூரைக்குள் எப்படிக் கோடு கிழிக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

பிரிவினையில் சிந்துவை விட்டு மும்பைக்கு வந்த ஒரு தையற்காரர், 1955இல் இந்திய பாஸ்போர்ட்டோடு ஹாங்காங் போகிறார். 1962இல் மூத்த மகன் அங்கே பிறக்கிறான். 1965இல் அப்பா விண்ணப்பித்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்குகிறார். விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது 1955ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ஆக அப்பா இனி இந்தியர் இல்லை. 1968இல் இளைய மகன் பிறக்கிறான். அம்மா கடைசிவரை இந்திய பாஸ்போர்ட்டையே வைத்துக்கொள்கிறார்.

இரண்டு பையன்களுக்கும் பிரிட்டிஷ் நிலை பிறப்பாலேயே கிடைத்துவிட்டது, காலனி மண்ணில் பிறந்ததால். இந்தியாவைப் பொறுத்தவரை கதை வேறு. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு 1992 வரை அப்பா வழியில் மட்டுமே இந்தியக் குடியுரிமை இறங்கும். மூத்தவன் பிறந்தபோது அப்பா இந்தியர். இளையவன் பிறந்தபோது இல்லை. இளையவனுக்கு பிரிட்டனைத் தவிர வேறு நாடே கிடையாது. மூத்தவனோ பிறந்த அன்று இந்தியனும்கூட. அந்தக் குடியுரிமை பிற்பாடு போய்விட்டதா? எந்தத் தேதியில் போனது? சிறுவனாக இருந்தபோது பெற்றோர் வாங்கிக்கொடுத்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை, அவன் 'தானாக விரும்பி' எடுத்ததாகக் கொள்ளலாமா? ஒரே அறையில் படுத்துத் தூங்கிய அண்ணனும் தம்பியும் சட்டத்தின் முன் வெவ்வேறு ஆட்களாக நிற்கிறார்கள்.

இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் சட்டத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஹாங்காங் இந்தியச் சங்கங்களும் ஹரி ஹரிலேலா போன்ற வணிகப் பிரமுகர்களும் பல ஆண்டுகள் லண்டனின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கேட்டது எளிமையானது: வேறு எந்த நாடும் இல்லாத எங்களுக்கு மட்டும் முழு பிரிட்டிஷ் குடியுரிமை கொடுங்கள். முதலில் கிடைத்தது வாய்மொழி ஆறுதல். அவர்கள் வெளியேறும் நெருக்கடி வந்தால், அன்றைய அரசு அவர்கள் விஷயத்தைத் தனி அனுதாபத்தோடு பரிசீலிக்கும் என்று 1986இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் சொன்னார்கள். 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராட்டக்காரர்களைச் சீன ராணுவம் சுட்டு ஒடுக்கிய பிறகு, 1990இல், 50,000 குடும்பத் தலைவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் முழுக் குடியுரிமை தரச் சட்டம் வந்தது. ஆனால் அது தொழில், கல்வி, அரசுப் பணி என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் திட்டம். ஊரில் தங்கியிருக்க வேண்டியவர்களுக்குத் தைரியம் கொடுப்பதுதான் அதன் நோக்கம். போக்கிடம் இல்லாதவர் யார் என்று அது கேட்கவே இல்லை.

1996 மார்ச்சில் ஹாங்காங் வந்த பிரதமர் ஜான் மேஜர், நெருக்கடி வந்தால் இவர்களை பிரிட்டனுக்குள் அனுமதிப்போம் என்று உறுதி சொன்னார். முன்பைவிட நல்ல வாக்குறுதிதான். இருந்தாலும் 'அனுமதிப்போம்' என்பது அரசின் கையில் இருப்பது. 'வரலாம்' என்பது குடிமகனின் கையில் இருப்பது. நெருக்கடி வந்துவிட்டதா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது?

இதில் என்னை இன்றும் உறுத்துவது எண்ணிக்கைதான். முப்பது லட்சம் பேர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் போட்ட கதவு, சில ஆயிரம் பேர் மீதும் சாத்தப்பட்டது. ஒரே ஒரு நகரசபை வட்டத்தில் அடங்கிவிடக்கூடிய கூட்டம் அது. அத்தனை குறைவாக இருந்ததாலேயே பேச்சுவார்த்தை மேசையில் மறந்துபோனார்கள். கடைசியில் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று வாதாட முடிந்ததும் அதே காரணத்தால்தான்.

கடைசி ஆளுநர் கிறிஸ் பாட்டன் அவர்கள் பக்கம் நின்றார். பிரபுக்கள் சபையில் லார்ட் வில்லோபி டி புரோக் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கைமாற்றத்துக்கு ஐந்து மாதம்கூட இல்லாத நிலையில், 1997 பிப்ரவரி 4 அன்று, அதுவரை மறுத்துவந்த அரசு இறங்கிவந்தது. மார்ச் 19 அன்று 1997ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமை (ஹாங்காங்) சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. கொடி இறங்க நூறு நாள் சொச்சமே பாக்கி.

சட்டம் கேட்ட நிபந்தனைகளில் முக்கியமானவை: 1997 பிப்ரவரி 4க்கு முன்பே ஹாங்காங்கில் வழக்கமாகக் குடியிருந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போதும் அங்கேயே குடியிருக்க வேண்டும், அந்தத் தேதியில் பிரிட்டிஷ் நிலையைத் தவிர வேறு குடியுரிமை இருந்திருக்கக் கூடாது. அந்தத் தேதிக்குப் பிறகு யாராவது தங்கள் மற்றொரு குடியுரிமையைத் துறந்துவிட்டு வந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். தகுதி உள்ளவரைப் பதிவு செய்தே ஆகவேண்டும், அமைச்சரின் விருப்பத்துக்கு விடவில்லை. அதுதான் இந்தச் சட்டத்தின் பலம். அனுதாபம் போய் உரிமை வந்தது.

இப்போது நம் அண்ணன் தம்பியிடம் திரும்புவோம். தம்பிக்குச் சிக்கல் இல்லை. அண்ணன் தனக்கு இந்தியக் குடியுரிமை இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இருப்பதை நிரூபிக்கப் பத்திரம் காட்டலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது? இந்தியச் சட்டம், நேபாளச் சட்டம், பாகிஸ்தான் சட்டம் ஆகியவற்றை பிரிட்டிஷ் அதிகாரி எப்படிப் பொருள்கொள்கிறார் என்பதைப் பொறுத்து ஒருவரின் நாடே முடிவாகும் நிலை வந்தது. எழுதும்போது எளிமையாக இருந்த ஒரு நிபந்தனை, விண்ணப்பப் படிவத்தில் ஏறியதும் எத்தனையோ வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

அதன்பிறகும் ஓட்டைகள் மெல்ல மெல்லத்தான் அடைபட்டன. வேறு நாடற்ற கடல்கடந்த குடிமக்களுக்கு முழுக் குடியுரிமைக்கான கதவை 2002ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. விசித்திரம் என்னவென்றால், அதில் பி.என்.ஓ.க்கள் சேர்க்கப்படவில்லை. கெடுவுக்குள் ஒழுங்காகப் பதிவு செய்து பி.என்.ஓ. வாங்கியவர் வெளியே நிற்க, பதிவு செய்யாமல் விட்டவர் உள்ளே போக முடிந்தது. பிரபுக்கள் சபை உறுப்பினர் லார்ட் ஏவ்பரி விடாமல் போராடியதில் 2009இல்தான் பி.என்.ஓ.க்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். கொடி இறங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

பக்கத்து ஊரான மக்காவ் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1999 டிசம்பர் 20 அன்று அதைச் சீனாவிடம் ஒப்படைத்த போர்த்துகல், 1981 நவம்பர் 20க்கு முன் அங்கே பிறந்தவர்கள் முழு போர்த்துகீசியக் குடியுரிமை பெற வழிவிட்டது. இரண்டாம் தரம் என்ற ஒன்றை உருவாக்கவில்லை. பிரிட்டனைவிடச் சிறிய, வசதி குறைந்த நாடு அது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஏதோ பரிச்சயமாகத் தோன்றினால் அதற்குக் காரணம் உண்டு. பிரிட்டன் 1948இல் இலங்கையை விட்டுப்போன அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளியிடம் ஒரு தூதரக நாற்காலியோ பிரபுக்கள் சபையில் பேச ஒரு லார்டோ இல்லை. ஹாங்காங் இந்தியர்களிடம் பணமும் படிப்பும் ஆங்கிலமும் இருந்தன, அவர்களுக்கே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆனது.

2021 ஜனவரி 31 முதல் பி.என்.ஓ. வைத்திருப்போர் பிரிட்டனுக்குக் குடிபோகத் தனி விசா கிடைக்கிறது. 2020இல் ஹாங்காங் மீது சீனா தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு பிரிட்டன் எடுத்த முடிவு அது. அதே நாளிலிருந்து பி.என்.ஓ. பாஸ்போர்ட்டைப் பயண ஆவணமாக ஏற்பதைச் சீனா நிறுத்திக்கொண்டது. வருவார்கள் என்று பயந்து கதவு சாத்தப்பட்ட அந்த லட்சக்கணக்கானவர்களுக்கே இப்போது வழி திறந்திருக்கிறது. நம் தையற்காரரின் இளைய மகன் உயிரோடு இருந்தால் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவன் கையில் இருப்பது முழு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், விசா தேவையில்லை. அண்ணனின் கோப்பு எந்த ஆண்டில் முடிந்தது என்பது, தனக்கு ஒரு நாடு இல்லை என்று அவன் எதைக் காட்டி நிரூபித்தான் என்பதைப் பொறுத்தது.